மீட்டரில் குறைந்த மணிகள்

பனகல் சாலை, மதுரை.
தை 7, கடை ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து.

அன்புள்ள மாப்ள சத்தியசீலனுக்கு,

வீரணன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனா போனது. அதில் பாதி பொய்யாகிவிடும் என்பதால் நிறுத்திக்கொண்டேன். உன் நலமும் உன் மனைவி ஜோ, மகள் ஷெரின் நலமும் அறிய ஆவல். அந்தப் பாதி நிஜம்.

தினமும் வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்புகிறவன் எதற்காகத் தாளில் எழுதி மஸ்கட்டுக்குக் கூரியர் போடுகிறான் என்று நினைப்பாய். கூடவே ஒரு படிவம் வருகிறது. உன் அக்கா இருக்கும் பரவை வீட்டு மின் இணைப்பு உன் பெயரில் இருப்பதால் அதில் நீதான் மைப் பேனாவால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கடிதத்தை முடிக்காமல் படிவத்தைப் பிரிக்காதே. நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து தெரியும். அதனால் நாலாக மடித்து ஏழு பின் அடித்திருக்கிறேன்.

முதலில் எங்கள் சங்கத்துப் புராணம். ஆக்சிஜன் மிஷின், ஆஸ்பத்திரிக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி இவற்றை வீடுகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் இருபத்து மூன்று கடைக்காரர்கள் சேர்ந்தது எங்கள் சங்கம். தலைவர் அழகுராஜா அண்ணன். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தாலும் மைக் பிடித்துத்தான் பேசுவார். செயலாளர் அடியேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று தேர்ந்தெடுத்தார்கள். தீர்மானங்களில் நான் விட்ட பிழைகளை இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதிலிருந்து மற்றவர்களின் தகுதியை நீயே ஊகித்துக்கொள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. ஊருக்கு அது வெறும் புழுக்கம். ஆக்சிஜன் மிஷின் ஓடும் வீட்டுக்கு அப்படி இல்லை. அந்த மிஷின் அறையில் உள்ள காற்றை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியே மூக்குக்கு அனுப்பும். கரண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆகவே இப்படிப்பட்ட வீடுகளைப் பட்டியல் போட்டு வையுங்கள், இரண்டு நாள் முன்பே போனில் சொல்லுங்கள், லைன் பழுதானால் அந்தத் தெருவை முதலில் பாருங்கள் என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். இதில் எங்களுக்கு ஆதாயம் இல்லையா என்றால், உண்டு. கரண்ட் போன அன்று மாற்று சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுகிறவன் நான். அந்த மனுவில் என் முழங்கால்கள் இரண்டும் கையெழுத்துப் போடாத குறைதான்.

மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்றாம் முறை அங்கிருந்த அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எண்ணிக்கை இருக்கிறது, ஆள் இல்லையே, ஒரு வீட்டையாவது காட்டுங்கள் என்றார். நல்ல மனிதர். கேட்டதிலும் தப்பில்லை.

ஆனால் ஆளுக்கு எங்கே போவது? எங்கள் தொழிலின் விசித்திரமே இதுதான், மாப்ள. மிஷினைப் போர்வை சுற்றிக் கொண்டுவரச் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஏசி ரிப்பேர் என்று சொல்லச் சொல்வார்கள். அலங்காநல்லூரில் கண்ணுச்சாமி என்று ஒரு பெரியவர். ஒரு காலத்தில் மாட்டின் திமிலைப் பிடித்தால் எல்லைக்கோடு தாண்டும் வரை விடாதவர். இப்போது கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருமுறை உட்கார்ந்து போகிறார். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "நான் பிடிச்ச மாடெல்லாம் சிரிக்கும், போய்யா" என்றார். இருபத்து மூன்று கடைக்காரர்களும் கேட்டுப் பார்த்தோம். ஒருவர்கூட முகம் தரவில்லை.

அப்புறம் அந்த ஃப்ளெக்ஸ் வந்த கதை உனக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறாய்.

மூக்கில் குழாயோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் விக்டோரியா அக்காவின் படம் உங்கள் சபை குரூப் வழியாக மஸ்கட் வந்ததும், எனக்கு நீ அனுப்பிய செய்தி இன்னும் போனில் இருக்கிறது. "அக்காவ நடிகையாக்கிட்டியே மாப்ள, சம்பளம் எம்புட்டு?" கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் ஏழு. பதிலுக்கு நான் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான். ஒரு எழுத்துகூடச் செலவில்லை.

அந்தப் படம் எப்படி ஃப்ளெக்ஸில் ஏறியது என்று முதலில் சொல்கிறேன். போர்டு அடிக்கும் சுடலையிடம், முகத்தை மங்கலாக்கிப் போடு என்று சொல்லியிருந்தேன், அவன் மறந்துவிட்டான்.

மேலே உள்ள வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். இரண்டு மாதமாக ஊர் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், உனக்கும் கை தானாக எழுதிவிட்டது. நடந்தது வேறு. மிஷினை ஒரு வீட்டில் மாட்டியதும் படம் எடுத்து வைப்பது எங்கள் தொழில் வழக்கம். அந்தப் படத்தைத்தான் சுடலையிடம் கொடுத்தேன். "அண்ணே, அந்தம்மா சரின்னுட்டாங்களா?" என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். மறுநாள் காலையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். கையில் அந்த ஒரு முகம்தான் இருந்தது. ஆமாம் என்றுதான் சொன்னேன், மாப்ள.

இப்போது நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார். ஜோ பக்கத்தில் இருந்தால் அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்.

அக்கா நடிக்கவில்லை.

பதினாலு மாதம் ஆகிறது. நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகிக்கொண்டு வருகிறது, அது நுரையீரலுக்கு வெளியே எங்கும் போகாது, உள்ளேயும் சரியாகாது என்று டாக்டர் சொன்னார். முதலில் பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் போதும் என்றார்கள். ஆடியிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும். மிஷினை இறக்கிய அன்றைக்கே அக்கா பைபிளை எடுத்து நீட்டி, கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். பாண்டி கோயிலில் மொட்டை போடுகிறவன் நான், என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். "ஷெரின் பன்னெண்டாவது முடிக்கட்டும். அதுவரைக்கும் சீலன் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா விமானம் ஏறிருவான்."

அவர் பயத்தில் நியாயம் உண்டு. அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று கேட்டதும் வேலையை உதறிவிட்டு ஒற்றைப் பையோடு வந்து நின்றவன் நீ. மறுபடி ஒரு விசா வாங்க உனக்கு இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தையும் அக்கா தன் குற்றமாகவே வைத்திருக்கிறார். அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவர். உன்னைக் கரையேற்றியதற்கு உன்னிடமே மன்னிப்புக் கேட்கும் ஆள் அவர் ஒருவர்தான்.

சரி, ஃப்ளெக்ஸுக்கு வருகிறேன். சுடலையின் கம்ப்யூட்டரில் இரண்டே மாதிரிகள்தான் உண்டு. ஒன்று காதணி விழா, மற்றது கண்ணீர் அஞ்சலி. எங்கள் விஷயத்தில் காது குத்து எதுவும் இல்லாததால் இரண்டாவதை எடுத்திருக்கிறான். கறுப்புக் கரை. இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. அக்கா கழுத்துச் சங்கிலியில் சிலுவையைப் பார்த்து, மரியாதைக்கு மூலையில் ஒரு சிலுவை. நடுவில் "மூச்சுக்கு மின்சாரம் கேட்கிறோம்" என்று நான் எழுதிக்கொடுத்த வாசகம். கீழே எங்கள் இருபத்து மூன்று பேரின் படங்கள் வரிசையாக. என் படம் கூலிங் கிளாஸோடு. மூச்சு முட்டும் பெண்ணுக்குக் கீழே ஒருவன் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பல்லைக் காட்டுகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த அதிகாரி வெளியே வந்து அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். இந்த அம்மா இப்போது, என்று இழுத்தார். அழகுராஜா அண்ணன் மைக் இல்லாமலே சத்தமாக, இருக்காங்க சார் என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மூன்று வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. பட்டியல், முன்கூட்டியே போன், முதலில் பழுது பார்ப்பது, நாங்கள் கேட்ட மூன்றும். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டில் அதைத் தொட்டில் கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. பீரோவைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

இதோடு முடிந்திருந்தால்கூட எப்படியாவது சகித்திருப்பேன். அழகுராஜா அண்ணன் சந்தோஷத்தில் அதே ஃப்ளெக்ஸுக்கு மேலே "வெற்றி! வெற்றி!" என்று ஒரு பட்டையை ஒட்டி, பரவை மார்க்கெட் முனையில் கட்டிவிட்டார். அவர் கடை அங்கேதானே. அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி என்பது அவருக்குத் தெரியாது. காய்கறி வாங்க வந்த சனம் பார்த்தது. கறுப்புக் கரை, விளக்கு, சிலுவை, தெரிந்த முகம். மேலே வெற்றி வெற்றி என்று எதற்கு இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பத்து மணிக்குள் மாலை வாங்கிவிட்டார்கள்.

எனக்குத் தகவல் வந்து வண்டியை முறுக்கிக்கொண்டு போய்ப் பின்கதவு வழியாக நுழையும்போது, வாசலில் சபைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார்கள். அக்கா மூக்குக் குழாயைக் கழற்றி, மிஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளி, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, தானே போய்க் கதவைத் திறந்தார். மாலையோடு நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் பார். எதிர்வீட்டு செல்லத்தாய் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம் என்றாள். அக்கா எல்லோரையும் உட்கார வைத்தார். காபி போட்டார். வீரணன் சங்கத்துக்காக நோயாளி மாதிரி உட்கார்ந்து போட்டோ கொடுத்தேன், நல்லா வந்திருக்கா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம். அடுப்படியில் நின்று பார்த்தேன், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது.

அந்த நடிப்புக் கதை பிறந்தது அங்கேதான். அன்று சாயங்காலம் உன்னிடமும் அதையே சொன்னார். நீ நம்பினாய். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, மாப்ள. எல்லோரும் போன பிறகு குழாயை மாட்டிக்கொண்டு, மூச்சு கொஞ்சம் திரும்பியதும், "முப்பது வருஷம் ஸ்கூல் ஆபீஸ்ல இருந்திருக்கேன். ஒரு டீசியக்கூடக் கையெழுத்து இல்லாம வெளிய விட்டதில்ல. நீ என் மூஞ்சியவே விட்டுட்டியேடா" என்றார்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், மீட்டர்.

ஒவ்வொரு மிஷினுக்குள்ளும் ஒரு மணி மீட்டர் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று வண்டியின் கிலோமீட்டர் மாதிரி காட்டும். பின்னால் திருப்ப முடியாது. மாதம் ஒருமுறை பில்டர் மாற்றும்போது அதைக் குறித்துவைப்பேன். அக்காவுக்கு, ஓட வேண்டிய கணக்கில் மாதம் எட்டுப் பத்து மணி குறையும். குளியல், கரண்ட் கட் என்று விட்டுவிடுவேன். போன மாதம் நாற்பத்தொரு மணி குறைந்திருந்தது. கேட்டதற்கு, கரண்ட் பில் ஏறுகிறது, நடுவில் நிறுத்துகிறேன் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன சனிக்கிழமை சாயங்காலம் சாக்குச் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏழு மணிக்கு உன் வீடியோ கால் வந்தது.

முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்து இருபது நிமிஷம் பேசுவாய். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தினமும் பேசுகிறாய். நடிகை அக்கா என்று கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாய். அன்பில்தான் செய்கிறாய், தெரியும். மணி அடித்ததும் அக்கா குழாயைக் கழற்றினார். சத்தம் உனக்குக் கேட்டுவிடும் என்று மிஷினை அணைத்தார். கன்னத்தில் குழாய் பதிந்த தடத்தின் மேல் பவுடர் தடவினார். ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே போனை எடுத்தார்.

நான் போனுக்குப் பின்பக்கம், உனக்குத் தெரியாத இடத்தில் இருந்தேன். உங்கள் மேனேஜர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாய். அக்கா சிரித்தார். அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் குட்டிக் கிளிப்பை மாட்டிவிட்டேன். தொண்ணூற்றைந்து இருக்க வேண்டும். எண்பத்து மூன்று. எண்பத்தொன்று. நான் எழுந்தேன். அக்கா இடது கையால், உட்கார் என்று சைகை காட்டினார். பக்கத்தில் யாருக்கா என்று கேட்டாய். பூனை என்றார்.

கடைசியில்தான் நீ கேட்டாய். நினைவிருக்கிறதா? ஷெரினையும் ஜோவையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, "அக்கா, அந்த நடிப்ப ஒருக்கா காட்டேன்" என்றாய். அக்கா அந்தக் குழாயை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, கண்ணைச் சொருகி, தலையைச் சாய்த்துக் காட்டினார். மிஷின் அணைந்திருந்தது, மாப்ள. அந்தக் குழாயில் ஒன்றுமே வரவில்லை. உண்மையாகவே மூச்சு இல்லாமல், மூச்சு இல்லாதவள் மாதிரி நடித்தார். ஷெரின் கை தட்டினாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிஷம், மிஷின் இல்லாமல்.

நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

போனை வைத்ததும் மிஷினைப் போட்டேன். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து, "நல்லா நடிச்சேனாடா?" என்று கேட்டார்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு என்ன தெரியும்? தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஷெரினுக்குப் பரீட்சை முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாம் என்று சத்தியம் சொல்கிறது. மீட்டர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தடவை அக்காவைக் கேட்காமல் அவர் முகத்தைக் கொடுத்தேன். இப்போது கேட்காமல் அவர் ரகசியத்தைக் கொடுக்கிறேன். முதலாவது எங்களுக்காகச் செய்தது. இது அப்படி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அந்த மின்வாரியப் பட்டியலில் சேர்வதற்கான படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உத்தரவு வந்தபின் அறுபத்தொரு வீடுகள் பட்டியலில் ஏறிவிட்டன. அலங்காநல்லூர் கண்ணுச்சாமிகூட முனகிக்கொண்டே ஏறிவிட்டார். அக்கா மட்டும் மாட்டேன் என்கிறார். பட்டியல் ஆபீஸுக்குப் போனால் அங்கிருந்து சபைக்கு, சபையிலிருந்து மஸ்கட்டுக்கு வந்துவிடுமாம். அவர் முகத்தை வைத்து வாங்கிய பட்டியலில் அவர் வீடு இல்லை. வருகிற புதன்கிழமை பரவையில் பராமரிப்பு நாள். சிலிண்டரோடு நான் காலையிலேயே போய் உட்கார்ந்திருப்பேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. அடுத்த மாதத்துக்குள் உன் கையெழுத்து வந்துவிட வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. அதைத் தடுக்கத்தான் அந்த மனுஷி பதினாலு மாதமாக மூச்சைச் செலவழித்திருக்கிறார். லீவு போட்டு, ரிட்டர்ன் டிக்கெட்டோடு, பரீட்சை முடிந்ததும் மூவரும் வாருங்கள். ஏன் மறைத்தாய் என்று அவரிடம் கேட்காதே. கத்த வேண்டுமானால் என் நம்பருக்குக் கத்து. கடை ஷட்டரை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று சாயங்காலமோ, இது கையில் கிடைக்கும் எந்தச் சாயங்காலமோ, அக்காவைக் கூப்பிடுவாயே, அப்போது வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல். "அக்கா, மொதல்ல குழாய மாட்டு. மிஷினப் போடு. சத்தத்தோடயே பேசுவோம்." அந்த மிஷின் நாலைந்து வினாடிக்கு ஒருமுறை பெருமூச்சு விடும். முதலில் உனக்கு எரிச்சலாக இருக்கும். பழகிவிடும். எனக்குப் பழகிவிட்டது, அது கேட்காவிட்டால்தான் எழுந்து போய் மிஷினைப் பார்க்கிறேன்.

உங்கள் கர்த்தர் உங்கள் மூவருக்கும் துணை இருக்கட்டும். எங்கள் பாண்டி முனியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், சத்தியத்தை மீறியவன் கணக்கை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

உன் மன்னிப்பைக் கேட்க வாய் வராமல்,
வீரணன்

பின்குறிப்பு: இனி படிவத்தைப் பிரி. நாளொன்றுக்குக் கருவி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இருபத்துநான்கு என்று நானே எழுதிவிட்டேன். அரசாங்கத் தாளில் பொய் எழுதியவன் என்ற பெயர் எனக்கு வராமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.